அமுக்கரா டப்பாவும் என் மருமகனும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வயது 34, எடை 108 கிலோ. கல்யாணமாகி நான்கு வருஷமாகிறது, குழந்தை இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய டப்பா இருந்தது. எடையும் குறையுமாம், விந்தணுவும் பெருகுமாம், எல்லாம் ஒரே மூலிகைச் சாற்றில். மாதத்துக்கு 3,600 ரூபாய்.

"யார் சொல்லிடா இதை வாங்கினே?" என்றேன்.

"நீங்கதானே மாமா வாட்ஸ்அப்பில அனுப்பினீங்க" என்றான்.

அனுப்பினது நான்தான். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், படிக்காமல் தள்ளிவிட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. என் அப்பா கடைசி வரை பாலில் அமுக்கரா சூரணம் போட்டுச் சாப்பிட்டார். ஆனால் சூரணம் வேறு, சாறு வேறு. கிழங்கை இடித்துச் சலிப்பது சூரணம். அதிலிருந்து சில பொருள்களை மட்டும் பிரித்து அடர்த்தியாக்குவது சாறு. 'பாட்டி காலத்து மருந்து' என்று சொல்லி இரண்டாவதை விற்பது நேர்மையில்லை. பாட்டி பார்த்திராத சரக்கு அது. டென்மார்க் 2023இல் அமுக்கராவையே தடை செய்துவிட்டது.

டப்பாவில் '167 சதவீதம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தேடிப் பார்த்தேன். பொய்யில்லை. 2013இல் நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. விந்தணு குறைந்த 46 ஆண்கள். 21 பேருக்குத் தினம் 675 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச் சாறு, 25 பேருக்கு வெற்று மாத்திரை. 90 நாளில் சாறு சாப்பிட்டவர்களுக்கு மில்லிலிட்டருக்குச் சுமார் 96 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2.56 கோடியானது. நல்ல செய்திதான். ஆனால் 21 பேர்! என் பத்தாம் வகுப்பில் பாதிகூட இல்லை. அது முன்னோட்ட ஆய்வு என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். உடல் பருமனைப் பற்றிய ஆய்வும் இல்லை. விற்பவனுக்கு இதெல்லாம் வேண்டாம், 167 போதும்.

அதே டப்பாவில் எடை குறைய என்று குடம்புளிச் சாறும் இருக்கிறது. 2005இல் ஜப்பானில் பருத்த ஆண் எலிகளுக்கு இதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு குறைந்தது, கூடவே விதைப்பையும் கெட்டது. எலி மனிதன் இல்லை, அளவும் மிக அதிகம். மலையாளிகள் மீன் குழம்பில் போடுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனாலும் குழந்தைக்காக ஏங்குகிறவனுக்கு விற்கும் டப்பாவில் அதைச் சேர்க்க ஒருவனுக்கு எப்படி மனசு வந்தது?

பருமனானவர்களுக்கு ஏன் அணு குறைகிறது என்பது ஒன்றும் ரகசியமில்லை. கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. தொடைச் சதை சூழ்ந்து விதைப்பை சூடாகிறது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். 15 நாளில் பலன் என்பவன் கணக்கே படிக்காதவன்.

டென்மார்க்கிலேயே 56 பருத்த ஆண்களை எட்டு வாரம் கடும் பத்தியத்தில் வைத்தார்கள். சராசரி 16.5 கிலோ குறைந்தது, விந்தணு அடர்த்தி ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. இதுவும் சின்ன ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருமனையும் விந்தணுவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு. இட்லியைக் குறை என்பதை டப்பாவில் அடைத்து விற்க முடியாதே, அதனால் விளம்பரம் இல்லை.

உடல் பருமனையும் ஆண்மைக் குறைவையும் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954இலேயே சட்டம் போட்டாயிற்று. அதற்குத்தான் டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் 'இது மருந்தல்ல'. மேலே ஒரு பேச்சு, கீழே ஒரு பேச்சு.

இதையெல்லாம்விட என்னைச் சுட்டது வேறு. இந்த நான்கு வருஷத்தில் அந்தப் பெண்ணுக்கு எத்தனையோ ஸ்கேன், ஒரு லேப்ராஸ்கோப்பி, ராமேஸ்வரம், பழனி, செவ்வாய்க்கிழமை விரதம். விசேஷ வீடுகளில் என் தங்கையே அவளைப் பின்வரிசையில் நிற்க வைத்திருக்கிறாள். பையனுக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனை, சில நூறு ரூபாய் ஆகிற காரியம், இதுவரை செய்யவில்லை. "அவனுக்கென்ன, பவுடர் சாப்பிடுறானே" என்றாள் தங்கை. டப்பா செய்த பெரிய கெடுதல் இதுதான். அவன் ஏதோ செய்கிறான் என்று எல்லோரையும் நம்பவைத்துவிட்டது, அந்தப் பெண்ணைத் தவிர. அவளுக்கும் 33 ஆகிறது.

போன செவ்வாய்க்கிழமை நானே அவனை பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, "மாமா, ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான். சரி என்றேன். வியாழக்கிழமை ரிப்போர்ட் தருவார்கள். டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று தங்கை எறிய விடமாட்டேன் என்கிறாள்.