மறுக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும்

ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே 1923இல் திறந்த நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா போய், அந்த இடத்தில் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி நிற்கிறது. காசு கொடுத்துக் கூடாரத்துக்குள் நுழைந்து வேடிக்கை பார்த்த காலம் மலையேறிவிட்டது. ஒட்டிப் பிறந்த இரட்டையரை மேடையேற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றிப் படிக்கும்போது அதனால்தான் நமக்குச் சுலபமாகக் கோபம் வருகிறது: அது காட்டுமிராண்டிக் காலம், மருத்துவம் வளர்ந்த நம் காலம் வேறு என்று சொல்லிக்கொள்கிறோம். ஆனால் கூடாரம் கெட்டது, மருத்துவமனை நல்லது என்ற அந்தக் கணக்கு சரியில்லை. பார்க்கப்படுகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒடிசாவில் 1880களின் இறுதியில் நெஞ்சுப் பகுதி ஒட்டிப் பிறந்த ராதிகா, தூதிகா என்ற சிறுமிகளை எடுத்துக்கொள்வோம். சிறு குழந்தைகளாக இருந்தபோதே ஒரு கண்காட்சிக்காரர் அவர்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். பின்னர் பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் அவர்களை ஊர் ஊராகக் காட்டியது. தூதிகாவுக்குக் காசநோய் முற்றியதும், ராதிகாவையாவது காப்பாற்றலாம் என்று 1902 பிப்ரவரியில் பாரிஸில் டோயென் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருவரையும் பிரித்தார். தூதிகா சில நாள்களில் இறந்தாள். ராதிகா அடுத்த ஆண்டு அதே காசநோய்க்குப் பலியானாள். அறுவை சிகிச்சை தவறு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அன்றைய நிலையில் அது நியாயமான முயற்சியே. உறுத்துவது வேறொன்று. அறுவை அறைக்குள் கேமரா இருந்தது. மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்று டோயென் எடுக்க வைத்த படங்கள் அவருடைய அனுமதியின்றிச் சந்தைக்குப் போயின. அவர் வழக்குப் போட்டு, 1905இல் வென்றார். தன் படத்தின்மீது மருத்துவருக்கு உள்ள உரிமையை நீதிமன்றம் ஏற்றது. படுத்திருந்த பெண் பிள்ளைகளின் உரிமை அங்கே யாருடைய வழக்காகவும் இருக்கவில்லை. சர்க்கஸிலிருந்து மருத்துவத்தின் கைக்கு மாறிய பிறகும் அவர்கள் காட்சிப்பொருளாகவே இருந்தார்கள்.

மேடைதானே பலருக்குச் சோறு போட்டது, அதை இழிவாகப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1811இல் சயாமில் பிறந்த சாங், எங் சகோதரர்கள் 1829இல் வெளிநாடு போனபோது இன்னொருவர் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். 1832இல், 21 வயதானதும், அதை உதறிவிட்டுத் தாங்களே தங்கள் நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். பிறகு வட கரோலைனாவில் நிலம் வாங்கி, மணம் முடித்து, பிள்ளைகுட்டிகளோடு வாழ்ந்தார்கள். (தங்கள் விடுதலையை மீட்டவர்கள் அங்கே அடிமைகளை வைத்துக்கொண்டதும் வரலாற்றில் இருக்கிறது, அவர்களைப் புனிதர்களாக்கத் தேவையில்லை.) 1851இல் அதே மாநிலத்தில் அடிமைகளாகப் பிறந்து, விற்கப்பட்டு, கடத்தவும்பட்ட மில்லி, கிறிஸ்டீன் சகோதரிகள், விடுதலைக்குப் பின் பாடகிகளாகப் புகழும் பொருளும் ஈட்டினார்கள். மேடை ஒன்றுதான், சம்பளமும் நேரமும் தங்கள் கைக்கு வந்ததும் அது தொழிலாகிவிட்டது. ராதிகாவுக்கும் தூதிகாவுக்கும் அந்த வயதே வரவில்லை.

இதே உரைகல்லில் சிங்கப்பூரையும் உரசிப் பார்க்கலாம். 2003 ஜூலையில் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் ஈரானியச் சகோதரிகள் லாடன், லாலே பிஜானியின் தலைகளைப் பிரிக்கும் அறுவை நடந்தபோது உலகமே செய்தியறையாக மாறியது. ஜூலை 8 அன்று இருவரும் இறந்தார்கள். அது வெறும் காட்சி என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு வயது 29. சட்டம் படித்தவர்கள். ஆபத்து அதிகம் என்று ஜெர்மனி மருத்துவர்கள் முன்பே மறுத்திருந்தது தெரிந்தும், பிரிந்து வாழ வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள். செய்தியாளர்களிடம் அவர்களே பேசினார்கள். மருத்துவ முடிவை விவாதிக்கலாம். அது அவர்களுடைய முடிவு என்பதை மறுக்க முடியாது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் நான்கு நாள் நீண்ட அறுவையில் பிரிக்கப்பட்ட நேப்பாளத்தின் கங்கா, ஜமுனாவுக்கோ ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அவர்களுடைய முகங்களும் உலகமெங்கும் போயின.

படம் போடாவிட்டால் உதவி வருமா என்ற கேள்விக்கு என்னிடம் சமாளிப்பான பதில் இல்லை. வராது, அல்லது குறைவாக வரும். அந்த நேப்பாளக் குடும்பத்துக்குச் சிங்கப்பூரர்கள் வாரிக் கொடுத்ததில் படங்களுக்கும் பங்குண்டு. ஏழைப் பெற்றோரிடம் ‘கண்ணியம் காக்க வேண்டும், படம் தராதீர்கள்’ என்று உபதேசிப்பது, வயிறு நிறைந்தவர் பேசும் பேச்சு. ஆனால் அன்று நாளேடு மறுநாள் பழைய தாளாயிற்று. இன்று வாட்ஸ்அப்பில் போன படம் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகும்போதும் வேலைக்கு மனுப் போடும்போதும் கூடவே வரும். பெற்றோர் தரும் சம்மதத்தைக் குழந்தையின் சார்பில் வாங்கிய கடனாகவே கொள்ள வேண்டும். நன்கொடை திரட்டும் அமைப்புகளும் மருத்துவமனைகளும் நாளேடுகளும், நிதி சேர்ந்தவுடன் படத்தை எடுத்துவிடுவது, வளர்ந்தபின் அவரே கேட்டால் பழைய பதிவுகளிலிருந்தும் நீக்குவது என்ற இரண்டையும் படம் எடுக்கும் அன்றே எழுத்தில் கொடுக்கலாம். முகம் காட்டாத படமும் போதும் என்று ஒரு குடும்பம் சொன்னால், அதற்காக அந்தச் செய்தியைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமலும் இருக்கலாம்.