சாணி வண்டும் சூரிய பகவானும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள், நெய்வேலியைச் சுற்றியுள்ள மேய்ச்சல் வெளிகளில் ஒரு விநோதத்தைக் காணலாம். கருவண்டு ஒன்று தன்னைவிடப் பெரிய சாண உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு பின்னோக்கி நடந்து செல்லும். நம்மவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்பால் போய்விடுவார்கள்.

புராதன எகிப்தியர் அப்படிப் போகவில்லை. வானத்தில் சூரிய பிம்பத்தை உருட்டிச் செல்லும் தெய்வத்தை அவ்வண்டில் கண்டார்கள். உதய சூரியனாகிய அத்தெய்வத்துக்குக் கெப்ரி என்று பெயர். 'உருவாதல்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது அது. புதைத்த உருண்டையிலிருந்து புதிய வண்டு வெளிவருவதைப் பார்த்து, மறுபிறப்புக்கும் அதையே சின்னமாகக் கொண்டார்கள். கல்லில் வண்டுருவம் செதுக்கித் தாயத்தாக அணிந்தார்கள். அடிப்புறத்தில் பெயர் பொறித்து முத்திரையாகவும் உபயோகித்தார்கள்.

இறந்தவர் மார்பின்மீது பெரிய வண்டுத் தாயத்து ஒன்றை வைப்பதும் உண்டு. மறுவுலகில் இருதயத்தைத் தராசிலிட்டு, தருமத்தின் சின்னமான இறகுக்கு எதிரே நிறுப்பார்களாம். அப்போது அவ்விருதயம் தன் எஜமானனுக்கு விரோதமாகச் சாட்சி கூறாதிருக்கும்படி வேண்டும் மந்திரம் அத்தாயத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மனச்சாட்சியின் வாயை அடைக்கவும் ஒரு தாயத்து! நம் முன்னோரோ, குழந்தைகளுக்குத் திருமாலின் ஐந்து ஆயுதங்களை ஐம்படைத் தாலியாக அணிவித்தார்கள். நாம் ஆயுதத்தை நம்பினோம். அவர்கள் வண்டை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை முற்றிலும் வீண் அல்ல. வண்டு சூரியனை அடையாளமாகக் கொண்டே வழி தவறாமல் உருண்டையைத் தள்ளுகிறது. இரவில் ஆகாச கங்கையின் ஒளியைக் கொண்டும் திசை அறியும் இனமுண்டு என்று 2013-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். சாணத்தைப் புதைப்பதால் நிலத்துக்கு எரு சேர்கிறது, மண் இளகுகிறது, ஈக்கள் குறைகின்றன. ஆஸ்திரேலியாவில் பசுக்களின் சாணம் மக்காமல் மேய்ச்சல் நிலத்தை மூடவே, 1960-களில் அந்நாட்டார் அந்நிய நாட்டு வண்டுகளை வரவழைத்து விட்டார்கள்.

நெய்வேலி மக்கள் இதைச் சிந்திக்க விசேஷ காரணம் உண்டு. 1957 மே மாதம் பண்டித ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு நூறு அடிக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. கிராமத்தார் பலர் வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தார்கள். கரி எடுத்த பள்ளத்தை மண்ணால் நிரப்பி மரம் நடுகிறார்கள். நல்ல காரியமே. ஆனால் கொட்டிய மண்ணெல்லாம் நிலமாகிவிடாது. அதில் சருகு மக்க வேண்டும். மண்புழு நெளிய வேண்டும். சாணத்தை வண்டு உள்ளே கொண்டுபோக வேண்டும். எந்த ராட்சத யந்திரமும் அவ்வேலையைச் செய்யாது.

மாடு வளர்ப்போரும் ஒன்று கவனிக்கவேண்டும். குடற்புழுவுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தில் கலந்து, வண்டின் குஞ்சுப் புழுக்களையும் மாய்க்கிறது. கால்நடை வைத்தியரைக் கேளாமல் அதை அடிக்கடி கொடுப்பது தகாது.

தேசத்துக்கு மின்சாரம் வேண்டும். உயிருள்ள மண்ணும் வேண்டும். எகிப்தியரைப்போல் நாம் வண்டைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதன் வழியில் நாம் குறுக்கிடாதிருந்தால், நிலத்துக்கு அதுவே காப்பு.