பொறுத்துப்போனவள் கதை தெரியுமா?

இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைச் சமீபத்தில் தமிழில் பார்த்தேன். முடிந்ததும் கலந்துரையாடல். ஒரு பேராசிரியர் மைக்கைப் பிடித்து, என்ன இருந்தாலும் நோரா மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது, அவர்களுக்காகவாவது பொறுத்துப்போயிருக்கலாம் என்றார். பாதி அரங்கம் கைதட்டியது. எனக்கு ரத்தம் கொதித்தது. 1879-இல் கோபன்ஹேகனில் மேடையேறிய காலத்திலிருந்து இதே பாட்டுத்தான்.

தாய் பொறுத்துப்போனால் பிள்ளை நன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? பொறுத்துப்போனவள் கதையையும் அதே இப்சன் எழுதியிருக்கிறார். 1881-இல் வந்த ‘ஆவிகள்’ நாடகத்தின் ஹெலன் ஆல்விங்தான் அவள். கல்யாணமான ஒரு வருஷத்தில், கணவனின் நடத்தை தாளாமல் பாதிரியார் மாண்டர்ஸிடம் ஓடிப்போனாள். அவர் மனைவியின் கடமையைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். போனாள், பொறுத்தாள். வேலைக்காரியிடம் கணவனுக்குப் பிறந்த பெண்ணை வீட்டு வேலைக்கே வைத்துக்கொண்டாள். அப்பனின் அழுக்கு ஒட்டக்கூடாதென்று சின்ன வயதிலேயே மகனை வெளியூருக்கு அனுப்பினாள். ஊர் வாயை அடைக்க, செத்தவன் பேரில் அநாதை இல்லம் கட்டினாள்.

பலன்? தகப்பனின் நோய் மகனின் மூளையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த மகன் ஆஸ்வால்ட் மார்ஃபின் மாத்திரைகளைத் தாயிடம் காட்டி, அடுத்த முறை நோய் தாக்கும்போது நீயே கொடுத்துவிடு என்று கெஞ்சுகிறான். பிள்ளைக்காகப் பொறுத்த தாய்க்குப் பிள்ளை வைத்த கோரிக்கை இது!

நோரா மட்டும் பொறுக்காதவளா? எட்டு வருஷம் பொறுத்தாள். கணவன் உயிரைக் காப்பாற்றக் கடன் வாங்கினாள். மனைவி கணவன் சம்மதமின்றிக் கடன் வாங்க முடியாத காலம் அது. நார்வேயில் மணமான பெண்ணைச் சட்டம் முழு உரிமையுள்ள ஆளாக ஏற்றதே 1888-இல்தான். அதனால் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டாள். வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்தும் ராத்திரியில் நகலெழுதியும் கடனை அடைத்தாள். விஷயம் வெளிவந்ததும் கணவன் ஹெல்மர் சொன்னது என்ன? பிள்ளைகளை இனி உன்னை நம்பி விடமாட்டேன், ஆனால் ஊர் பார்வைக்கு இந்த வீட்டிலேயே இரு என்றான். கடன் பத்திரம் திரும்பி வந்தவுடன், நான் தப்பித்தேன் என்று குதித்தான். பிள்ளைகளைத் தாயிடமிருந்து முதலில் பிரித்த வாய் அவனுடையது. அவனை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

அதே வீட்டில் ஆயாவாக இருக்கும் ஆன் மேரி, நோராவை வளர்க்க வருவதற்காகத் தன் குழந்தையை அந்நியரிடம் கொடுத்தவள். அந்தத் தாய்க்காக இதுவரை யாரும் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. வசதியான வீட்டுக்காகப் பிள்ளையைப் பிரிந்தால் அது விசுவாசம், தனக்காகப் பிரிந்தால் பாவம்!

ஜெர்மனியில் நீமன்-ராபே என்ற நடிகை, என் பிள்ளைகளை விட்டு நான் போகமாட்டேன் என்று, நோரா வீட்டை விட்டுப் போகும் முடிவில் நடிக்க மறுத்தார். மற்றவர்கள் கைவைப்பதற்கு முன் இப்சனே நோராவை வீட்டில் நிறுத்தும் முடிவொன்றை எழுதினார், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் கண்டித்தார். நோரா பாத்திரத்துக்கு மாதிரியாக இருந்த நிஜப் பெண் லாரா கீலரைக் கணவன் மனநோய் விடுதியில் சேர்த்தான். பின்னர் அவர் அந்த வீட்டுக்கே திரும்பினார். அவருக்காக எந்த அரங்கில் கைதட்டினார்கள்? இன்றும் அடிவாங்கிய பெண்ணிடம் அனுசரித்துப்போம்மா என்கிறார்கள் பெரியவர்கள். அடித்தவனுக்கு ஒரு புத்திமதியும் கிடையாது.

அறிவுரை சொல்பவருக்கு என்ன நஷ்டம்? ‘ஆவிகள்’ நாடகத்தில் ஹெலன் கட்டிய அநாதை இல்லத்துக்குக் காப்பீடு வேண்டாம் என்று தடுத்தவர் பாதிரியார் மாண்டர்ஸ். அது எரிந்து சாம்பலானதும், பழியை ஏற்க வந்த தச்சன் எங்ஸ்ட்ராண்டின் தலையில் அதைப் போட்டுவிட்டுக் கப்பலேறக் கிளம்பினார். மகனோடு அந்த வீட்டில் கிடந்தவள், அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பிப்போன ஹெலன்தான்.