வாயில் தெரியாத மாளிகைகள்

ஒரு வீட்டிற்கு விருந்தாளி வருகிறார். நிலைப்படி தாழ்வாக இருந்தமையால் அவருடைய நெற்றி மோதிவிடுகிறது. வீட்டார் பண்புடையோராயின் என்ன சொல்வர்? “பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் வாயில் சற்றே தாழ்வு” என்றுதான் சொல்வர். விருந்தாளியின் உயரத்தைப் பழிப்பார் எவருமிலர். ஆனால், இணையம் என்னும் பெருவீதியில் இந்த வழக்கம் தலைகீழாக நிற்கிறது. உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்கள் கட்டிவைத்திருக்கும் தளங்களுக்குள் நுழைந்து, வழி தெரியாது தடுமாறும் மனிதர் தம்முடைய அறியாமையையே நொந்துகொள்கிறார். “இதெல்லாம் படித்தவர்களுக்கு உரியது, எனக்கு விளங்காது” என்று கூறிக் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிடுகிறார். பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இச்சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். இச்சொல் நியாயமானதுதானா என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

இஃது எளிய விடயமன்று. இன்று ஒரு தோட்டக் குடும்பத்தின் அலுவல்கள் எத்தனை அந்தச் சிறு கண்ணாடித் திரையின் வழியே நடைபெறுகின்றன! மத்திய கிழக்கிற் பணிபுரியும் தாயின் முகத்தைப் பிள்ளை காண்பது அதிலே. கொழும்புக் கடையில் நிற்கும் மகன் பணம் அனுப்பிய செய்தி வருவது அதிலே. மாணவர் பாடக்குறிப்புத் தேடுவதும், பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதும் அதிலேதான். கூகிள், பேஸ்புக், யூடியூப், வட்ஸ்அப் என்னும் பெயர்கள் லயத்துக் குழந்தைக்கும் தெரிந்த பெயர்களாகிவிட்டன. ஆதலின் அத்தளங்கள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பது அமெரிக்கப் பொறியியலாளரின் கவலை மட்டுமன்று. நம் வீட்டுக் கவலையுமாகும்.

ஒரு படிவம் மனிதனுக்குப் பொருந்தாவிடின் என்ன நேரும் என்பதை மலையக மக்களைப்போல் அறிந்தவர் சிலரே. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறப்பதுபோலத் தோன்றியது. ஆனால், அது 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் லயத்தறையில் வாழ்ந்தவர்களிடம் காகிதச் சான்று ஏது? விண்ணப்பங்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. அந்தச் சட்டங்களின் நோக்கம் வேறு, இணையத்தளங்களின் நோக்கம் வேறு. இரண்டையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. எனினும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொதுவானது. கேட்பவர் தம் வீட்டு வழக்கத்தை மாத்திரம் மனத்திற்கொண்டு கேள்வியை அமைப்பாராயின், விடை சொல்பவர் உண்மையே சொன்னாலும் தோற்றுப்போவார்.

பெயர் எழுதும் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என இரண்டு கட்டங்கள் பல தளங்களில் உள்ளன. மேலைநாட்டார்க்கு இஃது இயல்பு. நமக்கோ தந்தையார் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். நம் பெயர் பின்னே வரும். குடும்பப்பெயர் என ஒன்று பெரும்பாலோர்க்கு இல்லை. மாணவி ஒருத்தி ஒரு தளத்தில் தன் பெயரை முன்னும் தந்தையார் பெயரைப் பின்னும் இடுகிறாள். பிறிதொரு தளத்தில் மாற்றி இடுகிறாள். பின்னர் பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும், இணையக் கணக்கும் மூன்று வேறு ஆட்களைக் காட்டுவனபோல் நிற்கின்றன. தீர்வு அரிதானதன்று. முழுப்பெயருக்கு ஒரே கட்டம் அமைத்தாற் போதும். வலைக்கு விதிமுறை வகுக்கும் உலகச் சங்கமே இந்த யோசனையைக் கூறியிருக்கிறது.

அடுத்து, சின்னங்களைப் பார்ப்போம். பக்கத்தின் மூலையிலே மூன்று சிறு கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். 1981ஆம் ஆண்டில் ஸெரொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்டார்’ என்னும் கணினிக்காக நோர்ம் கொக்ஸ் என்பவர் வரைந்த சின்னம் அது. “இதனுள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது” என்பதே அதன் பொருள். பொருள் தெரிந்தவருக்கு அது கதவு, தெரியாதவருக்கு வெறுங்கோடு. இடம் சுருங்கிய திரைக்குச் சின்னம் உதவுகிறது என்பது மெய்யே. ஆயினும், அருகில் ‘பட்டியல்’ என்று ஒரு சொல் எழுதப்படுமாயின் எத்தனை தாய்மார் பிள்ளையை அழைக்காமலே தம் அலுவலை முடிப்பர்!

“நாங்கள் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறோமே!” என்று நிறுவனத்தார் கூறலாம். அதற்காக நன்றி சொல்வோம். ஆனால், மொழிபெயர்ப்பு வேறு, மொழிக்கேற்ற அமைப்பு வேறு. ஆங்கிலத்தின் குறுஞ்சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ என்னும் சொல் அடங்காது பாதியில் அறுந்து தொங்குகிறது. “இதனை ரத்துச்செய்யவா?” என்று ஒரு கேள்வி எழுகிறது; கீழே ‘சரி’, ‘ரத்துச்செய்’ என இரண்டு பொத்தான்கள் நிற்கின்றன. எதை அழுத்தினால் எது நடக்கும்? இலக்கணம் கற்றவரும் இங்கே திகைப்பர்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, பின்னர் கடல்கடந்து சென்ற ஆர். முத்தையா அவர்களை நினைத்தல் தகும். ஆங்கிலத்திற்கென அமைந்த தட்டச்சு இயந்திரத்தில் தமிழின் 247 எழுத்துக்களையும் எவ்வாறு அடக்குவது என்று அவர் ஆராய்ந்தார். விசையை அழுத்தினாலும் உருளை நகராதிருக்கும் விசைகளை அமைத்து, எழுத்தின்மேற் புள்ளியும் விசிறியும் பொருந்தச் செய்தார். அவர் தமிழை இயந்திரத்திற்காக வெட்டவில்லை. இயந்திரத்தைத் தமிழுக்காக மாற்றினார். வடிவமைப்பு என்னும் கலையின் உயிர்நிலை அதுவே.

எட்டாத இடத்திற்கு இணையத்தைக் கொண்டுசெல்லப் பெருநிறுவனங்கள் முயன்றதும் உண்டு. 2015ஆம் ஆண்டில் கூகிளின் ‘லூன்’ என்னும் வான்பலூன் திட்டத்திற்காக நம் நாட்டு அரசு உடன்படிக்கை செய்தது. 2016 பெப்ரவரியில் ஒரு பரிசோதனைப் பலூன் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வந்து இறங்கியது. அது திட்டமிட்ட இறக்கமே என்று நிறுவனம் கூறிற்று. பின்னர், 2021இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. பலூன் தேயிலை மலையில் இறங்கிவிட்டது. ஆனால் பக்கங்கள் இன்னும் இறங்கிவரவில்லை. பாரமான படங்களும் தாமாக ஓடும் காட்சிகளும் நிறைந்த பக்கம் ஒன்று திறந்து முடியுமுன் ‘ரீலோட்’ போட்ட பணம் கரைந்துவிடுமாயின், அலைவரிசை கிட்டியும் பயன் என்ன?

இதுவரை கூறியவை கவனக்குறைவால் நேர்ந்த குறைகள். வேண்டுமென்றே அமைக்கப்படும் சுற்றுவழிகளும் உண்டு. தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடே செல்வதை நாம் பெருமையோடு காட்டுகிறோம். மலையின் செங்குத்துச் சரிவைத் தணித்து, பயணியை நலமே சேர்ப்பதற்காகப் பொறியியலாளர் அமைத்த சுற்று அது. சில தளங்களிலே, சேர்வதற்கு ஓர் அழுத்தம் போதும். விலகுவதற்கோ பக்கம்மேற் பக்கமாகச் சுற்றவேண்டும். பயணி களைத்துத் திரும்பிவிட வேண்டுமென்பதற்காக அமைத்த சுற்று இது. இத்தகைய தந்திர அமைப்புகளுக்கு ஹரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேயர் 2010இல் ‘இருள் வடிவங்கள்’ என்று பொருள்படும் பெயரை இட்டார்.

அமேசன் நிறுவனம் தன் ‘பிரைம்’ சந்தாவில் மக்களை அவர்தம் தெளிவான சம்மதமின்றிச் சேர்த்தது என்றும், விலகும் வழியைக் கடினமாக்கிற்று என்றும் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. அந்த விலகும் வழிக்கு நிறுவனத்தின் உள்ளே வழங்கிய பெயர் ‘இலியட்’. அதாவது, நெடிய போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர்! 2025 செப்டெம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டொலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. இந்திய அரசும் 2023 நவம்பரில் இத்தகைய 13 தந்திரங்களைப் பெயர்சுட்டித் தடைசெய்தது. ஆகவே, ஏமாந்தவரின் அறியாமையே காரணம் என்னும் வாதத்தை உலகம் இப்போது ஏற்பதில்லை.

நல்வழி தெரியாமையால் இக்குறைகள் நிகழவில்லை. 1994இலேயே ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் பத்து நெறிகளை வகுத்துத் தந்தார். “நடப்பது யாது என்பதை மனிதருக்குக் காட்டு” என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. மடுவத்திலே கொழுந்து நிறுக்கும்போது தராசைத் தொழிலாளியும் காணவேண்டும் என்று நாம் கேட்பதும் இதனையே அன்றோ! பார்வை, செவிப்புலன், உடல் முதலியவற்றிற் குறையுடையோரும் பயன்படுத்தத்தக்க தளங்களுக்கான விதிகள் 1999இல் வெளிவந்தன. 2023 ஒக்டோபரில் வந்த பதிப்பு, பொத்தான் எவ்வளவுக்குக் கீழே சிறுக்கலாகாது என்பதற்கும் அளவு கூறுகிறது. 2017இல் கூகிள் குரலைக் கேட்டு எழுதும் வசதியில் இலங்கைத் தமிழையும் சேர்த்தது. எழுதத் தயங்கும் பாட்டியும் பேசித் தேடலாம் என்னும் நிலை அதனால் வந்தது. மனமிருந்தால் இவையெல்லாம் இயலும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். விளங்காத பொத்தானை வெட்கத்தால் அழுத்தவேண்டாம். பணமோ, அடையாள அட்டை இலக்கமோ கேட்கும் பக்கத்தில், வாசித்து விளங்கும்வரை நிறுத்திக்கொள்ளுதல் அறியாமையன்று, அறிவுடைமை. ‘இலவசம்’ என்று தொடங்கும் எதனிலும் சேருமுன், விலகும் வழி எங்கே உள்ளது என்று முதலிற் பாருங்கள்.

மாணவர்க்கு மற்றொன்று. அம்மாவோ அப்பம்மாவோ உதவி கேட்டால், தொலைபேசியைப் பறித்து நொடியில் முடித்துக் கொடுத்துவிடாதீர்கள். அருகில் அமருங்கள், அவர்களே அழுத்தட்டும். அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள், எச்சொல்லில் தயங்குகிறார்கள் என்று கவனித்து ஒரு கொப்பியிற் குறித்துவையுங்கள். பெருநிறுவனங்கள் பொருள் செலவிட்டு நடத்தும் ஆராய்ச்சியும் அடிப்படையில் இதுவே. பதுளையிலேயே 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. நாளை அங்கும் பிற இடங்களிலும் கணினிக் கல்வி பெற்றுத் தளம் அமைக்கப்போகும் தோட்டத்துப் பிள்ளைக்கு, அந்தக் கொப்பி எந்தப் பாடநூலினும் பெரிய செல்வமாகும்.

ஒரு தளம் நன்று என்பதற்கு அளவுகோல் யாது? அதன் நிறமன்று, வேகமன்று, அதனை ஆக்கியோரின் புகழுமன்று. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி, எவர் துணையுமின்றித் தன் மொழியிலே தன் அலுவலை முடித்து, தனக்குரிய பணத்தை இழக்காமல் எழுந்து செல்ல முடியுமாயின், அது நல்ல தளம். முடியாதாயின், குனியவேண்டியவள் அவளல்லள், உயரவேண்டியது நிலைப்படியே.