பொது வானொலியின் ஒரு நாளில் நாம் எங்கே?

லொங்குய்ய் நகரில் வாழும் தமிழர் ஜாக் கார்த்தியே பாலத்தைக் கடந்து மொன்றியலுக்குள் இறங்கும் இடத்திற்கு அண்மையில் ரேடியோ-கனடாவின் பிரெஞ்சுச் சேவைத் தலைமையகம் நிற்கின்றது. பல்லாண்டுகளாக அதனைக் கடந்து வேலைக்குச் செல்கின்றோம். அது எமக்கும் உரிய கட்டடம் என்று எம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கின்றோம்? கனடிய அரசு அந்நிறுவனத்திற்கு ஒதுக்கும் பணத்தை மக்கள்தொகையால் வகுத்தால் ஆண்டுக்குத் தலைக்கு 30 டொலருக்கு மேல் வருகின்றது. ஐந்து பேர் கொண்ட தமிழ்க் குடும்பம் ஒன்று ஆண்டுதோறும் 150 டொலருக்குக் குறையாமல் கொடுக்கின்றது என்று பொருள். தமிழ்த் தொலைக்காட்சி இணைப்புக்கு மாதம் எவ்வளவு கட்டுகின்றோம் என்பது ஒவ்வொரு வீட்டிலும் மனப்பாடம். இந்த 150 டொலரைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு ஈடாக நாம் எதையும் கேட்டதுமில்லை.

அந்த நிறுவனத்தின் ஒரு நாளைச் சற்றுப் பார்ப்போம். விடிகாலையில் 95.1 பண்பலையில் பிரெஞ்சிலும் 88.5 இல் ஆங்கிலத்திலும் காலை நிகழ்ச்சிகள் தொடங்குகின்றன: பாலங்களின் நெரிசல், பனி அகற்றல், மாநகர சபைச் சண்டை. எட்டரை மணிக்கு மேல் 'த கறன்ற்' என்னும் நாடளாவிய நேர்காணல் நிகழ்ச்சி. பிற்பகலில் வேலை முடிந்து திரும்புவோருக்கான நிகழ்ச்சிகள். மாலையில் 1968 முதல் நடந்துவரும் 'அஸ் இற் ஹப்பின்ஸ்'. இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுத் 'தெலெஜூர்னால்', ஆங்கில 'த நஷனல்'. இவை தரமானவை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விளம்பரக் கூச்சல் இல்லாத வானொலியின் அருமை, விளம்பரத்துக்கு நடுவே செய்தி தேடும் எமக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்த அட்டவணையில் தமிழ் நிகழ்ச்சி என்று ஒன்று கிடையாது.

இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. 1991 ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம், பொது ஒலிபரப்பாளர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நிகழ்ச்சி தரவேண்டும் என்கின்றது. அதே பிரிவு, கனடாவின் பல்பண்பாட்டு, பல்லின இயல்பை அந்நிகழ்ச்சிகள் பிரதிபலிக்க வேண்டும் என்றும் பணிக்கின்றது. முதற்கடமையை மணிக்கணக்கில் அளந்து சரிபார்க்கலாம். இரண்டாவதை எந்த அளவுகோலால் அளப்பது? பொறியியல் படித்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: அளக்கப்படாத கடமை மெல்ல மெல்லக் கைவிடப்படும்.

நாம் இந்நாட்டின் தலைப்புச் செய்தியில் ஏறிய நாட்களை எண்ணிப் பாருங்கள். 1986 ஓகஸ்ட் 11 இல் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டபோது ஏறினோம். 2009 மே மாதத்தில் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் எம்மக்கள் இறங்கியபோது ஏறினோம். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் பசிபிக் கரையை அடைந்தபோதும் ஏறினோம். படகு, மறியல், மீண்டும் கப்பல்! இடைப்பட்ட ஆண்டுகளில் இதே மக்கள் வீடு வாங்கினர், கடை திறந்தனர், கோவில் கட்டினர், முதியோரைப் பராமரித்தனர், தேர்தல்களில் நின்று வென்றனர். 2016 ஒக்ரோபர் 5 இல் நாடாளுமன்றம் தை மாதத்தைத் தமிழ் மரபுரிமைத் திங்களாக ஏகமனதாக ஏற்றது. கப்பலைப் பற்றி அறிந்த எமது அயலவர் எத்தனை பேர் இதனை அறிவர்?

உத்தியோக மொழிகள் இரண்டுதானே, நாம் எப்படிக் கேட்பது என்று நல்லெண்ணம் கொண்ட நண்பர்களே கேட்கின்றனர். இந்நிறுவனம் இரண்டு மொழிகளோடு நின்றுவிட்டது என்பதே தவறு. அதன் வடபுலச் சேவை இனுக்ரிருற் மொழியிலும் கிறீ மொழியிலும் நிகழ்ச்சி நடத்துகின்றது. இந்த மண்ணின் முதற்குடிகளுக்கு அந்த உரிமை எம் எல்லோருக்கும் முந்தியது. அதனோடு எம்மை ஒப்பிட வரவில்லை. ஆனால் 2008 இல் இதே நிறுவனம் தன் புகழ்பெற்ற ஹொக்கி ஒளிபரப்பைப் பஞ்சாபி மொழியிலும் தொடங்கியதே? 2014 இல் ஹொக்கி உரிமை ரோஜர்ஸ் நிறுவனத்துக்குப் போனபின் அது 'ஒம்னி' அலைவரிசைக்கு மாறியது. 1945 முதல் மொன்றியலில் இயங்கும் சர்வதேசச் சேவை, 2012 இன் சிக்கன வெட்டில் சிற்றலையை இழந்து ஐந்து மொழிகளாகச் சுருங்கியது. 2021 இல் பஞ்சாபியும் தகலொக்கும் அதில் சேர்க்கப்பட்டன. அவ்விரு மொழியினரும் எம்மைவிட எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், ஆகவே அதில் அநீதி என்று நான் கூச்சலிட மாட்டேன். எண்ணிக்கை போதாதென்றால் எத்தனை போதும் என்று எழுத்தில் சொல்லுங்கள் என்பதே எமது கேள்வி.

அவுஸ்திரேலியா அதைச் சொல்கின்றது. 1975 இல் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கிய பன்மொழி வானொலியின் வழிவந்த எஸ்.பி.எஸ். இன்று 60 க்கு மேற்பட்ட மொழிகளில் இயங்குகின்றது. தமிழ் அவற்றுள் ஒன்று. குடிசன மதிப்பீடு முடிந்ததும் மொழிப்பட்டியலை மீளாய்வு செய்து, பேசுவோர் தொகை, ஆங்கில அறிவு, புதிதாக வந்தோர், முதியோர் என்னும் அளவுகோல்களை அது வெளிப்படையாக அறிவிக்கின்றது. 2021 கணக்கெடுப்பில் அங்கே வீட்டில் தமிழ் பேசுவோர் ஒரு லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. கனடாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் அதனினும் அதிகம். அங்கே விதி இருக்கின்றது. இங்கே விதியே இல்லை. ஆகையால் எவரது கதவைத் தட்டுவது என்றே தெரியவில்லை.

இதுவரை சொன்னது அவர்கள் பக்கத்துக் குறை. எம் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். 1990 க்குப் பின் மின்சாரமற்றுக் கிடந்த யாழ்ப்பாணத்தில் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைக் கையால் சுழற்றி, 'தமிழோசை' கேட்டவர்கள் நாம். கொழும்பு சொல்லாததை இலண்டன் சொல்லும் என்று காத்திருந்தோம். 1941 இல் தொடங்கிய அந்தச் சேவைக்குத் 'தமிழோசை' என்று பெயர் சூட்டியவர் எமது சோ. சிவபாதசுந்தரம். 2017 ஏப்ரலில் அதன் வானொலி ஒலிபரப்பு நின்றபோது எத்தனை வீடுகளில் துக்கம்! ஒரு சதமேனும் வரி கட்டாத வானொலிக்காகக் கை வலிக்கச் சக்கரம் சுற்றினோம். வரி கட்டும் வானொலிக்கு ஒரு பொத்தானை அழுத்த எமக்கு நேரமில்லை.

மாலை ஆறு மணிக்கு எமது வீடுகளில் ஒலிப்பது என்ன? சென்னையிலிருந்து வரும் மாமியார் மருமகள் தொடர். என் வீடும் இதற்கு விலக்கல்ல. எமது இணைய வானொலிகள் ஊர்ச் செய்தியையும் மரண அறிவித்தலையும் தந்து பெரும்பணி ஆற்றுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு முகவரும் நகைக்கடையும் தரும் விளம்பரத்தில் வாழும் வானொலி, அவர்களைப் பற்றிக் கடினமான கேள்வியைக் கேட்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? அதற்குத்தான் பொது ஒலிபரப்பு.

பெற்றோரே, இங்கே எம்மிடம் ரொறன்ரோவில் இல்லாத செல்வம் ஒன்று உண்டு. 1977 இன் மொழிச் சட்டத்தால் எமது பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலையில் படித்தனர். அன்று பலர் முறையிட்டோம், சிலர் ஒன்ராறியோவுக்கே பெயர்ந்தோம். அதன் விளைவாக, வீட்டில் தமிழும் வகுப்பில் பிரெஞ்சும் தெருவில் ஆங்கிலமும் பேசும் ஒரு தலைமுறை லொங்குய்யிலும் புறோசாரிலும் பார்க்-எக்ஸ்ரென்ஷனிலும் வளர்ந்து நிற்கின்றது. ஒரு செய்தி அறைக்கு இதைவிடப் பொருத்தமானவர் யார்? ஆயினும் ஊடகக்கல்வி படிக்க விரும்புகின்றேன் என்று சொல்லும் மகளிடம், "அது ஒரு தொழிலா? முதலில் கணினி படி, பிறகு பார்ப்போம்" என்கின்றோம். நானும் அந்தக் கணினித் தொழிலில் இருந்துகொண்டே இதை எழுதுகின்றேன்.

செய்யக்கூடியது கையெட்டும் தூரத்தில் இருக்கின்றது. 2022 ஜூனில் ஒலிபரப்பு ஆணைக்குழுவான சி.ஆர்.ரி.சி. அளித்த முடிவு, இந்நிறுவனத்தின் உரிமத்திற்கு 2027 ஓகஸ்ட் 31 வரை காலம் குறித்தது. உரிமம் ஆராயப்படும் விசாரணையில் பொதுமக்கள் எவரும் கருத்து எழுதலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணம் இல்லை. செய்தி ஒன்று எம்மைத் தவறாகக் காட்டினால் முறையிட ஆங்கிலச் சேவைக்கும் பிரெஞ்சுச் சேவைக்கும் தனித்தனிக் குறைகேள் அதிகாரிகள் உள்ளனர். எழுதும்போது "தமிழுக்கு இடம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். மூன்றைக் கேளுங்கள்: மொழிகளைத் தெரிவு செய்யும் விதியை வெளியிடுக, குடிசன மதிப்பீட்டுக்குப்பின் அதை மீளாய்வு செய்க, பல்பண்பாட்டுக் கடமை எவ்வாறு நிறைவேறியது என்பதை ஆண்டுதோறும் எண்களில் காட்டுக.

இளையோரே, உங்கள் அப்பாவின் கடிதத்தைப் பிரெஞ்சில் திருத்திக் கொடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம், காலை ஏழு மணி முதல் ஏழரை மணி வரை, காரில் 95.1 ஐப் போடச் சொல்லுங்கள். பாலத்தில் எப்படியும் அவ்வளவு நேரம் நிற்கத்தான் போகின்றோம்.