எல்லைக்கு இந்தப் பக்கம் 2,000, அந்தப் பக்கம் 1,200: திருப்புறத்திலிருந்து ஒரு பென்ஷன் கணக்கு

ஓர் அக்கா, ஒரு தங்கை. இருவருக்கும் 65 வயது தாண்டிவிட்டது. தங்கை வாழ்க்கைப்பட்டது திருப்புறத்தில். கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகா. அக்கா இருப்பது களியக்காவிளை பக்கம். தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். இருவருக்கும் பிபி, சுகர். இருவருக்கும் சொந்த வருமானம் கிடையாது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் பாறசாலை எல்லையோரம் உங்களுக்குத் தெரியும் என்றால், இப்படி இரண்டு மாநிலத்திலும் சொந்தம் உள்ள வீடுகள் அங்கே சாதாரணம் என்பதும் தெரிந்திருக்கும்.

2025 நவம்பர் கணக்குப்படி, தங்கைக்கு கேரள அரசின் பென்ஷன் மாதம் 2,000 ரூபாய். அக்காவுக்கு தமிழ்நாடு அரசின் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். வருஷத்துக்குப் பார்த்தால் 9,600 ரூபாய் வித்தியாசம். ஏன்?

'கேரளாவுக்கு மனசு பெருசு' என்பது பதில் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலில், எல்லை எப்படி வந்தது?

இந்த இரண்டு ஊர்களும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

இரண்டு மாநிலங்களும் முதியோருக்குப் பணம் கொடுப்பதில் புதுசு இல்லை. சென்னை மாநிலம் 1962-லேயே மாதம் 20 ரூபாயில் முதியோர் பென்ஷனைத் தொடங்கியது. கேரளம் 1980-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு 45 ரூபாய் பென்ஷன் கொண்டுவந்தது. டெல்லி தேசிய அளவில் முதியோர் பென்ஷனைத் தொடங்கியது 1995-ல்தான், 75 ரூபாயில்.

டெல்லியின் பங்கு எவ்வளவு?

இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயது ஆனால் 500. இந்த 200 ரூபாய் 2007-லும் 200, 2025-லும் 200. உங்கள் முதல் சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் நினைத்துப் பாருங்கள். இடையில் அரிசி, மாத்திரை, பஸ் டிக்கெட் எல்லாம் ஏறிவிட்டது. இது மட்டும் ஏறவில்லை.

அப்படியென்றால் தங்கையின் 2,000-ல் டெல்லியின் பங்கு அதிகபட்சம் பத்தில் ஒன்று. அக்காவின் 1,200-ல் ஆறில் ஒன்று. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அதுவும் இல்லை. முழுத் தொகையும் மாநிலத்தின் தலையில். வித்தியாசம் பிறப்பது இங்கேதான். மத்திய அரசின் பங்கு உறைந்துபோனதால், ஒரு முதியவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அவர் வாழும் மாநிலத்தின் கஜானா முடிவு செய்கிறது.

கேரளம் எப்படிச் சமாளிக்கிறது?

முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள், நலவாரியத் தொழிலாளர்கள் எல்லாரையும் சேர்த்து கேரளத்தில் சுமார் 62 லட்சம் பேர் பென்ஷன் வாங்குகிறார்கள். ஆளுக்கு 2,000 என்று பெருக்கினால் மாதம் ஏறக்குறைய 1,240 கோடி ரூபாய்.

இந்தப் பணத்தைத் தடையில்லாமல் திரட்ட 2018-ல் தனியாக ஒரு அரசு நிறுவனத்தையே கேரளம் தொடங்கியது. அது கடன் வாங்கும், பென்ஷன் போடும், அரசு பின்னால் திருப்பிக் கொடுக்கும். 2022-ல் மத்திய அரசு, 'இதுவும் மாநிலத்தின் கடன்தான்' என்று சொல்லி கடன் வரம்புக்குள் சேர்த்தது. விளைவு, பென்ஷன் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. கடைசி நிலுவை தீர்ந்தது 2025 நவம்பரில். அந்த மாதம் புதிய 2,000-மும் பழைய பாக்கி 1,600-மும் சேர்ந்து வந்தது.

இன்னொரு வழி பெட்ரோல். 2023 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ். இதை எல்லையில் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் பெட்ரோல் விலை குறைவு. பாறசாலைக்காரர் களியக்காவிளை பங்கில் டேங்க் நிரப்பினால் அவருக்கு லாபம். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பென்ஷனுக்குப் போக வேண்டிய 2 ரூபாய் போகவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மாநிலங்கள் தனித்தனியாக வரி போட்டு நலத்திட்டம் நடத்தினால் எல்லையில் இதுதான் நடக்கும்.

அப்போ தமிழ்நாடு கஞ்சமா?

அவசரப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை ஆதரவற்றவர்களை மையமாக வைத்தது. தகுதி வளையம் சின்னது. ஆனால் 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை போகிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அக்காவின் தொகை குறைவாக இருக்கலாம். அவர் மருமகள் கணக்கில் 1,000 வரலாம். கேரளம் அதிகமாகக் கொடுப்பது வயதானவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும். தமிழ்நாடு பரப்பிக் கொடுப்பது குடும்பத்துப் பெண்களுக்கு.

இதற்கு மக்கள்தொகையும் ஒரு காரணம். 2021 மதிப்பீட்டின்படி கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 16.5 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6. நாட்டிலேயே முதல் இரண்டு இடம். 2025 அக்டோபரில் பென்ஷன் உயர்வை அறிவித்த கையோடு, வேறு உதவி பெறாத ஏழைப் பெண்களுக்கு மாதம் 1,000 என்று கேரளமும் அறிவித்தது. பக்கத்து வீட்டுத் திட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது நடக்கத்தான் செய்கிறது.

5 லட்சம் இன்சூரன்ஸ் இருக்கே?

இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்‌ஷா திட்டம், சுமார் 42 லட்சம் குடும்பங்களுக்கு. இரண்டும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தவை. இரண்டிலும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை.

ஆனால் இந்த கார்டு பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் வேலை செய்யும். பிபி, சுகருக்குச் செலவு வேறு மாதிரி: மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு டெஸ்ட், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ. கார்டு இதைத் தொடாது. 2019-20 தேசிய சுகாதாரக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தது 47.1 சதவீதம். சுகாதாரத்தில் முன்னணி என்று பெயர் பெற்ற கேரளத்தில் அது 67.9 சதவீதம். வயதானவர்கள் அதிகம், நாள்பட்ட நோய் அதிகம், தனியார் மருத்துவமனைக்குப் போவதும் அதிகம்.

ஆக, தங்கையின் பென்ஷனில் ஒரு பகுதி மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விட வாய்ப்பு அதிகம். கையில் வரும் பணத்தைப் போலவே, இலவச மாத்திரை வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். அதில் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. அதைப் பார்த்துத்தான் கேரளம் 2007-ல் தன் கழகத்தை அமைத்தது. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம், பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது.

இதில் உங்களுக்கு என்ன?

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் என்றால், அரசு விட்ட இடைவெளியை நிரப்புவது உங்கள் யுபிஐதான். அதனால் மூன்று விஷயம்.

ஒன்று, அம்மா அப்பாவின் மாத்திரைகளில் எதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப சுகாதார மையத்திலோ இலவசமாகக் கிடைக்கும் என்று விசாரியுங்கள். இரண்டு, எல்லை தாண்டி திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ சிகிச்சை என்றால், உங்கள் மாநில கார்டு அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். மூன்று, அடுத்த முறை யாராவது 'இலவசம் கொடுத்தே மாநிலங்கள் கெட்டது' என்று சொன்னால், அந்த 200 ரூபாயை ஞாபகப்படுத்துங்கள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே மாதம் 800 ரூபாய் வித்தியாசம். இரு மாநிலங்களும் தங்கள் தொகையைப் பலமுறை கூட்டிவிட்டன. 200 ரூபாயை எப்போது கூட்டப்போகிறீர்கள் என்று டெல்லியைக் கேட்பதில் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒன்றாக நிற்கலாம்.