விதி அல்ல, தோழர்களே!

கார்டிங் மிஷினில் ஒருவன் கை போனால், "அவன் விதி" என்கிறார்கள். வயலில் அறுந்து விழுந்த மின்கம்பி உயிரைக் குடித்தாலும் இதே பேச்சுத்தான். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட மறுத்த ஓர் ஊரின் கதையைக் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்றொரு சிற்றூர். 1996 மார்ச் 13 அன்று காலை, ஒருவன் அங்குள்ள ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். பிறகு தன்னையும் மாய்த்துக்கொண்டான். செத்தவை ஐந்தாறு வயதுப் பிஞ்சுகள். அவன் கையிலிருந்தவை கள்ளத் துப்பாக்கிகளா? இல்லை. எல்லாம் லைசென்ஸ் பெற்ற கைத்துப்பாக்கிகள்!

"ஏதோ வெறி பிடித்தவன் செய்த காரியம்" என்று ஜனங்கள் அழுது ஓய்ந்திருக்கலாம். அவர்கள் ஓயவில்லை. "இந்த ஆயுதத்துக்கு லைசென்ஸ் எதற்கு?" என்று கேட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுடன் ஊராரும் சேர்ந்து நின்றார்கள். அந்தப் பருவத்தில் பூத்திருந்த ஸ்னோடிராப் என்ற சின்னஞ்சிறு வெள்ளைப் பூவின் பெயரில் கையெழுத்து இயக்கம் பிறந்தது. கோரிக்கை ஒன்றே ஒன்று: தனி ஆட்களிடம் கைத்துப்பாக்கி கூடாது. 7 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

"எங்கள் விளையாட்டு என்னாவது?" என்று துப்பாக்கிக் கிளப்புகள் கூச்சலிட்டன. 1997 தொடக்கத்தில் கன்சர்வேடிவ் சர்க்கார் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்து, சிறு ரகத்தை மட்டும் விட்டுவைத்தது. பாதிக் கிணறு தாண்டியதில் மக்கள் திருப்தியடையவில்லை. தேர்தலில் ஆட்சி மாறியது. அதே ஆண்டு முடிவதற்குள் சிறு ரகத்துக்கும் தடை வந்தது.

துப்பாக்கிச் சாவுகள் அறவே ஒழிந்துவிட்டனவா? இல்லை. 2010ல் கம்பிரியாவில் வேறு வகைத் துப்பாக்கிகளால் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஆனால் டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டனில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படியொரு துப்பாக்கிப் படுகொலை நடக்கவில்லை.

அமெரிக்காவில் பாதை இன்னும் கடினம். 2012ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் பலியானார்கள். துப்பாக்கி வாங்குவோரைப் பற்றிய விசாரணையை விரிவாக்கும் மசோதாவுக்கு 2013ல் செனட்டில் 54 ஓட்டுகள் கிடைத்தன, தேவைப்பட்டதோ 60! துப்பாக்கி முதலாளிகள்மீது எளிதில் வழக்குப் போட முடியாதபடி 2005ஆம் ஆண்டுச் சட்டம் அரண்போல் நின்றது. பெற்றோர்கள் சோர்ந்தார்களா? கம்பெனியின் விளம்பரத்தையே குற்றமாகக் காட்டி வழக்காடினார்கள். 2022ல் 7 கோடியே 30 லட்சம் டாலர் ஈடு கொடுக்க எதிர்த்தரப்பு உடன்பட்டது. செத்த பிள்ளைகள் திரும்பி வரவில்லைதான். ஆனாலும் ஆயுத வியாபாரி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

தோழர்களே! அழுவது பலவீனமல்ல. அழுகிறவனைத் தனியே விடுவதுதான் தவறு. சாவு விழுந்த வீட்டு வாசலில் கூடுகிற கூட்டம், பதினாறாம் நாளோடு கலைந்துவிடக் கூடாது. யார் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கட்டும். கோரிக்கையை ஒரே வரியில் எழுதட்டும். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகட்டும். பாதி கிடைத்தால் மீதியையும் கேட்கட்டும்!